பூனையின் காது ஏன் கசிந்தது?

ஐந்து வயதுக் குழந்தை ஒன்று ஆரஞ்சு நிறப் பூனையை வரைகிறது. உடலுக்கு வண்ணம் தீட்டி முடித்த கையோடு, அந்த ஈரம் உலர்வதற்குள், பின்னணிக்கு நீலம் பூசத் தொடங்குகிறது. நீலத் தூரிகை காதின் ஓரத்தைத் தொட்ட மறுநொடியே ஆரஞ்சு நிறம் காதை விட்டு வெளியேறி, வேர்விட்டாற்போல் நீலத்துக்குள் பரவுகிறது. இரண்டும் கலந்த இடத்தில் அழுக்கான பழுப்பு ஒன்று திரள்கிறது. குழந்தையின் முகம் சுருங்குகிறது. அருகில் இருக்கும் பெரியவர், "கோட்டைத் தாண்டாமல் பார்த்துப் பூசு" என்கிறார். குழந்தையின் கை கோட்டைத் தாண்டவே இல்லை, தாண்டியது தண்ணீர்.

சிறு குழந்தைகளுக்கு நீர்வண்ணத்தில் விலங்குகளை வரையக் கற்பிக்கும்போது எழும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குழந்தையின் கையில் இல்லை. ஒரு பாதி தண்ணீருக்கும் காகிதத்துக்கும் இடையே நடக்கும் இயற்பியலில் இருக்கிறது. மறுபாதி, அந்த வயதில் மூளை உலகத்தை எப்படிப் படமாக்குகிறது என்பதில் இருக்கிறது. இவ்விரண்டையும் அறிந்த ஆசிரியர் குழந்தையைத் திருத்துவதை விட்டுவிட்டு, வேலையின் வரிசையைத் திருத்துவார்.

முதலில் வண்ணத்தைப் பார்ப்போம். நீர்வண்ணக் கட்டியில் இருப்பவை அடிப்படையில் மூன்றே பொருள்கள்: மிக நுண்மையாக அரைத்த நிறமித் துகள்கள், அவற்றைக் காகிதத்தோடு ஒட்டவைக்கும் வேல மர இனத்துப் பிசின், கட்டி முற்றிலும் காய்ந்து வெடித்துவிடாமல் காக்கும் கிளிசரின் அல்லது தேன். தண்ணீர் பட்டதும் பிசின் கரைந்து துகள்களை விடுவிக்கிறது. தண்ணீர் ஆவியானதும் மெல்லிய படலமாக அவற்றைக் காகித இழைகளின் மேல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் படலம் கண்ணாடிக் காகிதம் போன்றது. ஒளி அதனூடே சென்று, அடியில் உள்ள வெள்ளைக் காகிதத்தில் பட்டு, மீண்டும் அதே படலத்தைக் கடந்து நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பூசப்படுவதன்று, பூசாமல் விடப்படுவது. கருநிறத்தின் மேல் மஞ்சளைப் பூசினால் மஞ்சள் தெரியாமல் போவதும் இதனால்தான். ஒட்டகச்சிவிங்கியின் பழுப்புத் திட்டுகளை முதலில் வரைந்துவிட்டு இடைவெளிகளை மஞ்சளால் நிரப்ப முயலும் குழந்தை, பழுப்பைக் கரைத்துக் குழப்பிக்கொள்ளும். உடல் முழுவதும் வெளிர்மஞ்சளைப் பூசி, அது காய்ந்தபின் திட்டுகளை வைக்கச் சொன்னால், அதே குழந்தை அதே கையால் தெளிவான ஒட்டகச்சிவிங்கியை வரைந்துவிடும்.

அடுத்தது காகிதம். காகிதம் செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழைகளுக்கு இடையே கணக்கற்ற நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. தண்ணீரின் மூலக்கூறுகள் செல்லுலோஸை விரும்பிப் பற்றுவதால், அந்த இடைவெளிகள் தண்ணீரைத் தாமே உள்ளிழுக்கின்றன. நுண்புழை நுழைவு என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதைத்தான். மையொற்றும் தாளில் இது தடையின்றி நடப்பதால், அதில் வைத்த புள்ளி வட்டமாக விரிந்துவிடுகிறது. நீர்வண்ணத்துக்கென்று செய்த காகிதத்தில் ஜெலட்டின் போன்ற ஒரு பொருளை ஏற்றி, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்திருப்பார்கள். அதனால் வண்ணநீர் சிறிது நேரம் மேற்பரப்பிலேயே நின்று நகர்கிறது. நகலெடுக்கப் பயன்படும் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு) தாளில் வரையச் சொன்னால், ஈரம் பட்ட இழைகள் குறுக்குவாக்கில் உப்பித் தாள் மேடும் பள்ளமுமாக நெளியும். பள்ளங்களில் குளம்போல் வண்ணம் தேங்கும். பூனையின் வயிற்றில் குழந்தை கேட்காத ஒரு கருந்திட்டு விழுவது இப்படித்தான். வண்ணப்பெட்டிக்குச் செலவிடுவதைக் குறைத்துக்கொண்டாவது 300 ஜிஎஸ்எம் காகிதம் வாங்கித் தருவதே சரி என்பது என் உறுதியான கருத்து. முழுத்தாள் தேவையில்லை; கால்பங்கு அளவில் வெட்டித் தந்தாலே போதும்.

இப்போது காதுக்குத் திரும்பலாம். ஈரமான பரப்பின் மேல் தண்ணீர் தடையின்றி ஓடும். உலர்ந்த, பதப்படுத்திய காகிதத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடும். பரப்பு இழுவிசை அந்த நீரை ஒரு தோல்போல் இழுத்துப் பிடித்துக்கொள்வதால், உலர்ந்த ஓரம் வேலியாகிவிடுகிறது. ஈரத்தோடு ஈரம் தொட்டால் வேலி போய்விடுகிறது; இரண்டு குட்டைகளும் ஒன்றாகி, நிறமி அடர்த்தியான இடத்திலிருந்து நீர்த்த இடத்துக்குப் பாய்கிறது. ஆகவே கசியாத காதுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, காது காயும்வரை காத்திருப்பது. மற்றொன்று, காதுக்கும் பின்னணிக்கும் நடுவே தலைமுடி அகலத்துக்கு உலர்ந்த காகிதத்தை விட்டுவைப்பது. இந்த இரண்டாவது வழியைக் குழந்தைகள் மிகவும் விரும்புகிறார்கள். "இரண்டு குளத்துக்கும் நடுவே ஒரு வரப்பு விடு" என்று சொன்னால் போதும். வேறு விளக்கமே வேண்டியதில்லை. அந்த வெண்வரப்பு பின்னர் பூனையின் மேல் விழுந்த வெளிச்சம்போல் தோன்றி, படத்துக்கு அழகையும் சேர்த்துவிடும்.

காத்திருப்பதுதான் கடினம். காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய, தாளைச் சற்றே சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கினால் மேலே தண்ணீர் நிற்கிறது. பட்டுத்துணிபோல் மங்கலாகப் பளபளத்தால் நீர் இழைகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பளபளப்பே இல்லையென்றால் ஒன்று உள்ளீரம், அல்லது முழு உலர்வு. இந்தக் கடைசி இரண்டையும் பிரித்தறியக் கண் உதவாது. புறங்கையை மெல்ல வைத்துப் பார்க்க வேண்டும். தாளுக்குள் ஈரம் மிஞ்சியிருந்தால் அது ஆவியாகிக்கொண்டே சுற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் தாள் குளிர்ந்திருக்கும். குளிர்ச்சி நின்றுவிட்டதென்றால் தாள் காய்ந்துவிட்டது. நான்கு வயதுக் குழந்தையும் தானே செய்துபார்க்கக்கூடிய இந்தச் சோதனை, 'பொறு' என்ற கட்டளையை ஓர் ஆராய்ச்சியாக மாற்றிவிடுகிறது.

காயும்போதும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. நீர்த்த வண்ணத்தில் வரைந்த யானை காய்ந்தபின், அதன் உருவத்தைச் சுற்றி மெல்லிய கருங்கோடு ஒன்று தானாக விழுந்திருப்பதைப் பார்த்திருக்கலாம். மேசையில் சிந்திய காப்பித் துளி வளையமாகக் காய்வதற்கும் இதற்கும் ஒரே காரணம். சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1997-இல் இதை விளக்கினார்கள். துளியின் விளிம்பு காகிதத்தைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது; மெலிந்த அந்த விளிம்பில் நீர் விரைவாக ஆவியாகிறது; இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது; வரும் நீர் நிறமித் துகள்களையும் சுமந்துவந்து ஓரத்தில் சேர்த்துவிட்டுப் போகிறது. தண்ணீர் தாராளமாக இருந்தால் கோடு அழுத்தமாக விழும். குழந்தைக்கு உருவத்தின் வெளிக்கோட்டைப் பென்சிலால் அழுத்தி வரைந்து காட்ட வேண்டிய தேவை பல சமயங்களில் இல்லை. தண்ணீரே அதை வரைந்துகொடுக்கிறது. காய்ந்த நிறம் ஈரத்தில் பார்த்ததைவிட வெளிறித் தெரிவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இழைகளின் இடைவெளிகளில் தண்ணீர் இருக்கும்போது ஒளி உள்ளே எளிதில் ஊடுருவுகிறது. அங்கே காற்று புகுந்ததும் ஒளி அதிகமாகச் சிதறுவதால் நிறம் வெளிறுகிறது. விரும்பும் அடர்த்தியைவிட ஒரு படி கூடுதலாகவே பூசப் பழக்க வேண்டும்.

தண்ணீரின் இந்தக் குணங்கள் ஒவ்வொன்றும் ஏதாவதொரு விலங்கின் மேனிக்குப் பொருந்துகிறது என்பதே இந்த ஊடகத்தை விலங்கு வரைவதற்கு இவ்வளவு ஏற்றதாக்குகிறது. ஈரமான தாளில் வைத்த பழுப்பு ஓரமே இல்லாமல் கரைந்து பரவும். அது முயல்குட்டியின் மென்மயிர். பட்டுப் பளபளப்பு நிலையில் தூரிகை நுனியிலிருந்து ஒரு துளி சுத்தமான நீரைச் சொட்டினால், அது காயத் தொடங்கிய நிறமியைச் சுற்றிலும் தள்ளிக்கொண்டுபோய்ப் பூக்கோசுபோன்ற ஓரத்தோடு விரியும். சித்திரக்காரர்கள் பலர் பிழையென்று அஞ்சும் இது, செம்மறியாட்டின் சுருள்மயிருக்கு அச்சாகப் பொருந்தும். புள்ளிமானுக்கு வெள்ளை மெழுகுக் கிரேயான். மெழுகின் மூலக்கூறுகளுக்குத் தண்ணீரோடு ஒட்டுறவு கிடையாது. முதலில் கிரேயானால் புள்ளிகளை அழுத்தி வைத்துவிட்டு மேலே செம்பழுப்பைப் பூசினால், வண்ணநீர் அந்த இடங்களை விட்டு விலகி உருண்டு ஓட, புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த நொடியில் குழந்தையின் கண்களைப் பார்க்க வேண்டும்.

யானைக்குச் சாம்பல்நிறக் கட்டியைத் தராதீர்கள். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா எனப்படும் செம்பழுப்பையும் தந்து கலக்கச் சொல்லுங்கள். அல்ட்ராமரின் துகள்கள் சொரசொரப்பான தாளின் குழிகளில் இறங்கிப் படிய, சாம்பலுக்குள் நீலமும் பழுப்பும் மணல்மணலாகப் பிரிந்து நிற்கும். பார்ப்பதற்கு யானைத்தோலின் சுருக்கம்போலவே இருக்கும். ஒரு சமயத்தில் இரண்டு அல்லது மூன்று நிறங்களுக்கு மேல் தராமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு நிறமியும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குகிறது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் ஒன்றாகக் குழைத்தால் விழுங்கப்படாத பகுதி அநேகமாக மிஞ்சுவதில்லை. எல்லாம் கலந்து சேறாகிப்போகும் அந்த நிறம் பன்னிரண்டு கட்டிப் பெட்டியைத் திறந்து வைத்ததன் விளைவு. சிறு குழந்தைகள் தூரிகையை வாயில் வைப்பார்கள் என்பதால், கேட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் சேர்ந்த தொழில்முறை வண்ணங்கள் அவர்களுக்கு வேண்டாம்.

இனி மூளையின் பங்கு. பக்கவாட்டில் நிற்கும் பூனையை வரையும் நான்கு வயதுக் குழந்தை, நான்கு கால்களையும் சீப்பின் பற்கள்போல் ஒரே வரிசையில் நிறுத்தும். முகத்தை மட்டும் நம் பக்கம் திருப்பி, மனித முகம்போல் இரண்டு கண்களையும் சிரிக்கும் வாயையும் வைக்கும். சில சமயம் வயிற்றுக்குள் குட்டியும் தெரியும். தம் மகளின் ஓவியங்களைச் சேகரித்து ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழோர்ழ் ஆன்ரி லுக்கே, குழந்தை தான் காண்பதை வரைவதில்லை, தான் அறிந்ததை வரைகிறது என்று விளக்கினார். 1972-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில், கைப்பிடி பின்பக்கம் மறைந்திருக்கும்படி வைத்த கோப்பையைப் பார்த்தபடியே வரையுமாறு குழந்தைகளிடம் கேட்டார்கள். வயதில் இளையவர்கள் கண்ணுக்குத் தெரியாத கைப்பிடியைப் பெரும்பாலும் வரைந்தார்கள். கோப்பையின் மேல் கண்ணுக்கு நேரே தெரிந்த பூ அலங்காரத்தைப் பலர் விட்டுவிட்டார்கள். எட்டு வயதை ஒட்டியே இது மாறத் தொடங்கியது. கைப்பிடி இருந்தால்தான் கோப்பை என்பதுபோல, நான்கு காலும் இரண்டு கண்ணும் இருந்தால்தான் பூனை. அந்த வரிசைக் கால்களைப் பிழையென்று அடித்துத் திருத்துவது, குழந்தையின் அறிவைத் திருத்துவதற்குச் சமம்.

இதிலிருந்து கற்பிப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. குழந்தை அறிந்ததை வரைகிறது என்றால், அது அறிவதை விரிவாக்க வேண்டும். பூனைப் படத்தைப் பலகையில் வரைந்து அப்படியே பார்த்து வரையச் செய்தால், குழந்தை அறிவது நம் கோடுகளை மட்டுமே. அதற்கு மாறாக, நான்கு கால்களில் தவழ்ந்து காட்டச் சொல்லலாம். பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது, வால் முதுகிலிருந்து வருகிறதா, இடுப்பிலிருந்தா என்று கேட்கலாம். பிறகு வரையும்போது கோட்டிலிருந்து தொடங்காமல், ஈரத் தூரிகையால் உடலுக்கு ஒரு பெரிய அவரைவிதை, தலைக்கு ஓர் உருண்டை என்று திட்டுகளாக வைக்கச் சொன்னால், உருவம் வெளிக்கோட்டில் சிறைப்படாமல் உள்ளிருந்து வளரும். சிறு குழந்தையின் அசைவு தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வருகிறது. விரல்நுனிக் கட்டுப்பாடு மெல்லத்தான் கைகூடுகிறது. பருமனான, நுனி கூரிய வட்டத் தூரிகை அதற்கு மிகவும் உகந்தது. மயிர்களுக்கு இடையே நிறைய நீரைத் தேக்கிக்கொள்ளும் அது, அழுத்தினால் வயிறாகவும், தூக்கினால் வாலாகவும் வரையும். மெல்லிய தூரிகையைக் கொடுத்தால் குழந்தை பென்சில்போல் தேய்த்துத் தாளைக் கிழித்துவிடும்.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502-இல் தீட்டிய முயல் வியன்னாவின் அல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுப்பு நிறத்தை முதலில் பரவலாகப் பூசி, அதன் மேல்தான் நுண்மயிர்களைக் கருமையாகவும் வெண்மையாகவும் தீட்டியிருக்கிறார். வெண்மைக்கு ஒளிபுகா வண்ணத்தையும் சேர்த்துக்கொண்டார். முயலின் கண்ணுக்குள் ஒரு சாளரத்தின் ஒளி சிறு வெண்கட்டமாகத் தெரிகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த மயிர்கள் எட்டாது. ஆனால் பரவலான நிறம் முதலில், நுட்பம் கடைசியில் என்ற வரிசையும், கண்ணுக்குள் ஒரு வெண்புள்ளியை விட்டுவைப்பதும் எட்டும். கண்ணைக் கடைசியாகவே வரைய வேண்டும். ஈரத்தில் வைத்த கருவிழி முகமெங்கும் வழிந்துவிடும் என்பதைக் குழந்தை இதற்குள் தன் பூனையின் காதிலிருந்தே கற்றுக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை அதே ஐந்து வயதுக் குழந்தை பூனையின் உடலைப் பூசி முடித்துவிட்டு, கருநீலத்தைத் தோய்த்த தூரிகையைக் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்து வைக்கிறது. புறங்கையைப் பூனையின் கன்னத்தருகே மெல்லத் தொட்டுப் பார்க்கிறது. "இன்னும் சில்லுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறது.