மறுபடி சூடு பண்ணினால் விஷம் போகாது

பெரிய முகூர்த்தம் முடிந்த மறுநாள் மன்னார்குடிப் பக்கம் கிளினிக்குகளுக்கு வாந்தியோடு வருபவர்கள் எப்போதும் உண்டு. போன வாரம் ஒரே வீட்டிலிருந்து தாத்தா, மருமகள், பேரப்பிள்ளைகள் என எல்லோரும் துவண்டுபோய் வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. மண்டபத்தில் மிஞ்சிய சாதத்தை அண்டாவோடு கொண்டுவந்து, ராத்திரி முழுக்க மூடி வைத்து, காலையில் சாப்பிட்டிருக்கிறார்கள். கேட்டால், "ஆவி பறக்க சூடு பண்ணித்தான் டாக்டர் சாப்பிட்டோம்" என்கிறார்கள்.

இந்தப் பதிலைத்தான் வருஷம் முழுக்கக் கேட்கிறேன். சூடு கிருமியைக் கொல்லும், சரி. அந்தக் கிருமி ஏற்கெனவே கக்கி வைத்த விஷத்தை என்ன செய்யும்?

பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணில் இருப்பது. அரிசியோடு அடுப்படிக்கு வந்துவிடும். அதன் ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் விதை போன்ற வடிவம், சோறு கொதிக்கும் 100 டிகிரியில் சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பானதும், நாற்றங்காலில் தெளித்த விதைநெல் போல முளைத்துப் பெருகும். அப்போது அது உண்டாக்கும் வாந்தி விஷம் 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. அடுப்பில் நீங்கள் எவ்வளவு கிளறினாலும் முளைத்த கிருமிதான் சாகும், விஷம் அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல் தொடங்கிவிடும். ஊசிப்போன வாடைகூட இருக்காது.

"பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்?" என்பார்கள். அதில் ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றுகிறோம். லாக்டிக் அமில பாக்டீரியா புளிக்க வைத்து, மற்ற கிருமிகளைப் பெரும்பாலும் அடக்கிவிடும். அண்டாவுக்குள் அடைந்து, விடியும்வரை நடுவில் சூடு தணியாமல் கிடக்கும் சாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஃபிரிட்ஜும் கிருமியைக் கொல்லாது, வளர்ச்சியைத்தான் மந்தமாக்கும். அதுவும் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால். பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகும். கரண்ட் போனால் அதுவும் போச்சு.

பந்தி முடியும்வரை சாதமும் குழம்பும் 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்கட்டும். மிஞ்சியதை அந்த நேரமே, சூடு ஆறும் முன்னே, அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். எடுத்து வைப்பதென்றால் அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ராத்திரி முழுக்க வெளியே இருந்ததைக் கொட்டிவிடுங்கள். சோற்றைக் கொட்ட நம் ஊரில் யாருக்கும் மனசு வராது, எனக்கும் தெரியும். தயவுசெய்து கொட்டுங்கள்.

சமையல் மாஸ்டர்களுக்கு ஒரு வார்த்தை: கையில் சீழ்ப்புண் உள்ளவரை உணவைத் தொடவே விடாதீர்கள். அந்தச் சீழில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உணவில் கக்கும் விஷமும் கொதிக்கும் சூட்டைத் தாங்கும்.

வாந்தி தொடங்கிவிட்டால் ஓஆர்எஸ் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஆன்டிபயாடிக் போடச் சொல்லி என்னிடம் சண்டை பிடிக்காதீர்கள், இந்த விஷத்தை அது தொடாது. குழந்தை ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றாலோ, சோர்ந்து கண் சொருகினாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.