வெர்க்நும்மர்: விமான உடைசலில் தேடப்படும் எண்

பி.எம்.டபிள்யூ. என்ற பெயரின் கடைசி எழுத்து 'வெர்க்கே' என்பதன் சுருக்கம். 'பவேரிய மோட்டார் ஆலைகள்' என்பதுதான் அந்த நிறுவனத்தின் முழுப்பெயர். வெர்க்கே பன்மை; ஒருமை வெர்க். வேலை, செய்துமுடித்த பொருள், அதைச் செய்யும் ஆலை ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழி இந்த ஒரே சொல்லால் குறிக்கிறது. ஆங்கிலத்தின் 'வொர்க்' இதற்கு உடன்பிறப்பு. 'நும்மர்' லத்தீனின் 'நூமெருஸ்' இத்தாலியன் வழியாக வந்த வடிவம். நாம் பேச்சில் புழங்கும் 'நம்பர்' அதே லத்தீன் வேரிலிருந்து ஆங்கிலம் வழியே நம்மிடம் வந்தது. இரண்டும் சேர்ந்ததே வெர்க்நும்மர். தகடுகளில் டபிள்யூ, என், ஆர் என்ற எழுத்துகளாகச் சுருக்கியிருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் இச்சொல்லை அடிக்கடி பார்த்திருப்பார்கள். ஒரு விமானத்தைக் கட்டிய ஆலை அதற்கென்று இட்ட எண் இது. இறக்கையிலும் உடலிலும் பெரிதாகத் தீட்டிய எழுத்துகள் வேறு. அவை படைப்பிரிவு மாறினால் மாறும், வண்ணம் அடித்தால் மறையும். மோட்டார் சைக்கிளின் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு எண், சேசிஸ் நம்பர் என இரண்டு இருக்குமே, வெர்க்நும்மர் அவற்றில் இரண்டாவது வகை.

நாஜிக் கட்சியில் ஹிட்லருக்குத் துணைத் தலைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ் 1941 மே 10 அன்று ஸ்காட்லாந்துக்கு ஓட்டிச்சென்ற மெஸ்ஸர்ஷ்மிட் 110-இன் உடலில் இருந்த எழுத்துகள் வி.ஜே., ஓ.கியூ. அதன் வெர்க்நும்மர் 3869. ஈகிள்ஷம் அருகே விழுந்த அந்த விமானத்தின் உடற்பகுதி ஒன்று பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

எண்ணின் நீளமும் ஓரளவு கதை சொல்லும். 1940 நவம்பரில் இங்கிலாந்தின் மான்ஸ்டன் தளத்தில் இறங்கிப் பிடிபட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 109 இ-3-க்கு 4101, நான்கே இலக்கம். 1943 மே மாதம் ஸ்காட்லாந்தின் டைஸ் தளத்துக்குத் தன் குழுவினரோடு வந்து சேர்ந்த யுங்கர்ஸ் 88 இரவு வேட்டை விமானத்துக்கு 360043, ஆறு இலக்கம். போர் நீள நீள எண்களைத் தொகுதி தொகுதியாக, நடுவே இடைவெளி விட்டு ஒதுக்கினார்கள். ஆகவே, பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு அத்தனை விமானங்கள் செய்தார்கள் என்று கணக்குப் போடக்கூடாது.

முழு விமானம் கிடைத்தால் சிக்கல் குறைவு. வயலிலோ கடலடியிலோ கிடைப்பது பெரும்பாலும் நசுங்கிய அலுமினியம். அதில் எண்களுக்குப் பஞ்சமே இராது, ஆனால் அநேகமாக எதுவும் வெர்க்நும்மராக இருக்காது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஜெர்மன் விமான அமைச்சகம் 1933-இல் உருவானபின் விமான வகைகளுக்கு 8 என்றும் இன்ஜின்களுக்கு 9 என்றும் தொடங்கும் எண்வரிசை நடைமுறைக்கு வந்தது. மெஸ்ஸர்ஷ்மிட் 109 அந்த வரிசையில் 8-109; டைம்லர்-பென்ஸ் 601 இன்ஜின் 9-601. ஒரு துண்டில் 109 என்று தொடங்கி, புள்ளியிட்டு நீளும் எண் அச்சாகியிருந்தால், அது 109-க்காக வரையப்பட்ட பாகம். ஆயிரக்கணக்கான விமானங்களில் அதே பாகம், அதே எண்ணோடு இருந்திருக்கும். இது பாக எண். விமானத்தின் வகையைச் சொல்லும், எந்த விமானம் என்பதைச் சொல்லாது.

பி.ஏ.எல். என்ற முத்திரை அமைச்சகத்தின் கட்டுமானக் கண்காணிப்புப் பிரிவு பார்த்து ஏற்றதற்கான அடையாளம். கருவிகளில் எஃப்.எல். என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் ஐந்து இலக்கம் தளவாடப் பட்டியல் எண். உயரமானி எந்த விமானத்திலும் பொருந்தக்கூடியது என்பதால் இந்த எண்ணால் பயன் குறைவு.

தகட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐ லைப்சிக் நகரின் எர்லா ஆலையும், வீனர் நாய்ஷ்டாட் ஆலையும், இன்னும் சிலவும் உரிமம் பெற்றுக் கட்டின. 'எர்லா' என்ற தகட்டைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு விமான வகையைத் தேடினால் கிடைக்காது.

உண்மையான வெர்க்நும்மர் கிடைத்துவிட்டால் அடுத்த வேலை ஏட்டில். ஜெர்மன் விமானப்படையின் இழப்புப் பட்டியல்களில் விமான வகை, வெர்க்நும்மர், படைப்பிரிவு, நாள், இடம், குழுவினர், சேத விழுக்காடு எல்லாம் பதிவாகியுள்ளன. நான்கு இலக்கம் ஒரு விமானியின் பெயரில் போய் முடிவது அப்படித்தான். ஆங்கிலக் கால்வாயின் குட்வின் மணல்திட்டில் கிடந்து 2013 ஜூனில் தூக்கப்பட்ட டோர்னியர் 17, 1940 ஆகஸ்ட் 26 அன்று வீழ்ந்த 1160 எண் விமானம் என்று கருதப்படுகிறது.

எதிர்த்தரப்பிலும் இதே வழிதான். பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி 1944-இல் ஓட்டிச்சென்று காணாமல்போன லைட்னிங் விமானத்தை 2004-இல் உறுதிசெய்தது, மார்சேய் அருகே கடலிலிருந்து எடுத்த ஒரு துண்டில் இருந்த 2734 என்ற எண். அது அமெரிக்க விமானப்படை கொடுத்த எண் அல்ல. அதைக் கட்டிய லாக்ஹீட் நிறுவனம் தன் கணக்குக்கு இட்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'தொடர் எண்' பலர் கைக்கு முதலில் வரும். ஆனால் இந்த எண்கள் தொடர்ச்சியாகவே ஓடவில்லை என்பதைப் பார்த்தோம். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களுக்கு ராணுவம் கொடுத்த எண்ணையும் தொடர் எண் என்றே எழுதுகிறோம், இரண்டும் குழம்பும். 'உற்பத்தி எண்' என்றால் ஒரு தொகுதியின் எண்ணோ என்று தோன்றும். 'சட்டக எண்' அழகாக இருக்கிறது, ஆனால் இன்ஜினுக்கும் தனியே வெர்க்நும்மர் உண்டே! இன்ஜினுக்குச் சட்டகம் ஏது?

வெர்க் என்பதற்கு 'ஆலை' பொருந்துகிறது. கரும்பு பிழியும் எந்திரத்துக்கு வழங்கிய பழைய சொல், பஞ்சாலை, சர்க்கரை ஆலை என்று விரிந்து நிற்கிறது. வெறுமனே 'ஆலை எண்' என்றால் மூன்றாம் எண் ஆலை, ஐந்தாம் எண் ஆலை என்பதுபோல ஆலைக்கே உரிய எண்ணாகிவிடும். 'ஆலையிட்ட எண்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. ஆயுதங்களிலும் பாகங்களிலும் வரும் மூன்றெழுத்துச் சங்கேதத்தை (மௌசர் நிறுவனத்துக்கு பி, ஒய், எஃப்) 'ஆலைக்குறி' என்று பிரித்துக்கொள்ளலாம். கட்டுரையில் முதல் முறை வெர்க்நும்மர் என்று எழுதி, பிறகு ஆலையிட்ட எண் என்று தொடர்வதே என் விருப்பம். ஜெர்மன் ஏடுகளைத் தேடப் போகிறவருக்கு மூலச்சொல் தெரிந்திருக்க வேண்டும்.

இன்ஜினின் ஆலையிட்ட எண்ணையும் விமானத்தின் ஆலையிட்ட எண்ணையும் அடைமொழி இல்லாமல் எழுதவே கூடாது. இழப்புப் பட்டியல்களில் இருப்பது விமானத்தின் எண். இன்ஜின் தகட்டை வைத்துக்கொண்டு அதில் தேடினால், இலக்கங்கள் தற்செயலாகப் பொருந்தி, சம்பந்தமே இல்லாத யாரோ ஒரு விமானியின் பெயர் அந்த உடைசலோடு ஒட்டிக்கொள்ளும்.