குவாட் பைக்கில் காலை ஊன்றாதீர்கள்

பெருநாள் லீவு வந்தால் வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் மலைப்பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். ஹத்தாவிலும் ராஸ் அல் கைமாவிலும் ஹஜர் மலைகளுக்கு நடுவே கிடக்கும் கற்பள்ளத்தாக்குகள், கொஞ்சம் காசு சேர்ந்தால் ஜோர்தானின் வாடி ரம், குடும்பத்தோடு என்றால் துருக்கியின் கப்படோக்கியா. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் வரிசையாக நாலு சில்லுக் குவாட் பைக்குகள், இரண்டு மணி நேரச் சுற்று. காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இப்படியொரு படம் வந்து சேராத குடும்ப வாட்ஸ்அப் குழு குறைவு. அந்தப் பாறைகள் பார்க்க வேண்டியவைதான். போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விபத்துப் பிரிவில் காயங்களைப் பார்ப்பவர்கள் என்ற முறையில், எந்தக் காயம் எதனால் வருகிறது என்பதைப் போகுமுன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம்.

நம் ஊர்க்காரருக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நாம் மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகியவர்கள். கிரவல் ரோட்டில் பின்சில்லு வழுக்கினால் யோசிக்காமலே காலை ஊன்றிவிடுவோம். குவாட் பைக்கில் அந்தப் பழக்கமே காலை முறிக்கும். ஊன்றிய கால் பின்சில்லுக்கு நேர் முன்னால் விழுகிறது. வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதால் டயர் குதிகாலில் ஏறி, காலைப் பின்னுக்கு மடித்து உள்ளே இழுக்கிறது. கணுக்காலும் கீழ்க்கால் எலும்பும் முறிவது இப்படித்தான். வண்டியின் எடை மட்டும் 250 முதல் 350 கிலோ வரை இருக்கும். அதைக் காலால் தாங்கி நிமிர்த்த எவராலும் முடியாது. வண்டி முழுதாக நிற்கும்வரை இரண்டு பாதமும் மிதிபலகையில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது திருப்பம். வட்டைக்குள் உழவு இயந்திரம் ஓடியவருக்கு இது சட்டென்று விளங்கும். சேற்றில் ஒரு சில்லு சும்மா சுற்றினால் டிஃப் லொக்கை மிதித்து இரண்டு பின்சில்லையும் சேர்த்துச் சுற்ற வைப்பார்கள், திரும்புமுன் அதை விட்டுவிடுவார்கள். விடாமல் திருப்பினால் இயந்திரம் நேராகவே போகப் பார்க்கும். குவாட் பைக்குகள் பலவற்றின் பின் அச்சு எப்போதுமே அப்படிப் பூட்டிக் கிடக்கிறது. ஹேண்டிலைத் திருப்பியும் வண்டி நேரே போவதைக் கண்டு பயந்து, இன்னும் பலமாகத் திருப்புவார்கள். மணலில் வழுக்கிக்கொண்டிருந்த டயர் பாறையில் பட்டதும் திடீரென்று பிடிக்கும். அந்தக் கணத்தில் வண்டி வெளிப்பக்கம் கவிழும். சரியான முறை இது: திருப்பத்துக்கு முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். திருப்பத்துக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது. உடம்பின் மேற்பகுதியைத் திரும்பும் பக்கம் சாய்த்து, வெளிப்பக்க மிதிபலகையை அழுத்த வேண்டும். உட்பக்கப் பின்சில்லின் பாரம் குறைந்தால்தான் அது கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும், வண்டியும் திரும்பும். சைக்கிள் போல வண்டியையே சாய்க்க முடியாது. சாய வேண்டியது நீங்கள்தான்.

நாலு சில்லு இருப்பதால் கவிழாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் இதன் மூன்று சில்லு வகையின் விற்பனை 1988இல் நிறுத்தப்பட்டது. நாலாவது சில்லு வந்த பிறகும் கவிழ்வது நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலைக்கு விற்கும் புதிய குவாட் பைக்குகளில், கவிழும்போது ஓடுபவரைக் காக்கும் அமைப்பு இருந்தாக வேண்டும் என்று 2021 ஒக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. சுற்றுலாவில் உங்களுக்குக் கிடைக்கும் வண்டியில் அது இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வண்டி என்று கேளுங்கள். ஐந்தாறுக்கு மேல் என்றால் வரிசையின் கடைசியிலும் ஓர் ஆள் வேண்டும். முன்னால் போகிறவருக்குத் தூசிக்குள் கடைசி வண்டி தெரியாது. பள்ளத்தாக்குக்குள் நுழையுமுன் சமதரையில் பத்து நிமிடமாவது ஓடிப் பழக விடுகிறார்களா என்றும் கேளுங்கள். கையெழுத்து வாங்கிய கையோடு வண்டியைத் தந்து “பின்னால வாங்க” என்று சொல்லும் இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு பேர் ஏறுவதென்றால் இரண்டு பேருக்கென்றே செய்த வண்டி வேண்டும். அதில் பின்னால் இருப்பவருக்குத் தனி இருக்கை, கைப்பிடி, மிதிபலகை மூன்றும் இருக்கும், வண்டியும் நீளம் கூடியது. ஒற்றை ஆள் வண்டியின் நீண்ட சீட்டைப் பார்த்து “ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்” என்று நினைக்கக் கூடாது. அந்த நீளம் ஏற்றத்தில் முன்னுக்கும் இறக்கத்தில் பின்னுக்கும் நகர்வதற்காக விடப்பட்டது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அந்த வசதியும் போகும், ஏற்றத்தில் முன்சில்லும் தூக்கும்.

பெரியவர்களுக்கான எஞ்சின் உள்ள வண்டியை 16 வயதுக்குக் குறைந்தவர் ஓடக் கூடாது என்பது தயாரிப்பாளர்களே ஒட்டி அனுப்பும் எச்சரிக்கை. பிள்ளையை முன்னால் மடியில் வைத்து ஓடுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். திடீரென்று நின்றால் ஹேண்டிலுக்கும் தகப்பனின் நெஞ்சுக்கும் இடையில் பிள்ளையின் வயிறு நசுங்கும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். கர்ப்பிணிகள், முதுகில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள் இதில் ஏற வேண்டாம்.

காப்புறுதிப் பத்திரத்தையும் வாசியுங்கள். பயணக் காப்புறுதிகள் பலவற்றில் குவாட் பைக் சாகச விளையாட்டாக ஒதுக்கப்பட்டிருக்கும். மேலதிகத் தொகை கட்டினால்தான் சேர்ப்பார்கள். வெளிநாட்டில் ஒரு கால் முறிந்தால் சத்திரசிகிச்சைச் செலவோடு முடியாது, மூன்று மாதச் சம்பளமும் போகும், வேலையும் போகலாம். பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் பிரதியை மட்டும் கொடுங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஏறுமுன் நாலு பக்கமும் படம் எடுத்து வைப்பது பின்னால் வரும் தகராறைத் தவிர்க்கும்.

வண்டியைக் கையால் பாருங்கள்

வலது கைப்பிடியில் முறுக்கும் ஆக்ஸிலரேட்டர் இருக்காது, பெருவிரலால் தள்ளும் ஒரு சின்ன நெம்பு இருக்கும். எஞ்சின் அணைந்திருக்கும்போது அதைத் தள்ளி விட்டுப் பாருங்கள், டக்கென்று திரும்பி வர வேண்டும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வைத்தும் அதையே செய்யுங்கள். நேராக இருக்கும்போது சரியாக வேலை செய்யும் கேபிள் திருப்பத்தில் இறுகி மாட்டிக்கொள்வது உண்டு. தூசி புகுந்த நெம்பும் திரும்பாமல் நிற்கும். மெதுவாகத் திரும்பி வரும் நெம்புள்ள வண்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டயர் பலூன் மாதிரி மெத்தென்று இருப்பது பழுதல்ல. மோட்டார் சைக்கிளுக்கு 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்று அடிப்போம், இதற்குப் பெரும்பாலும் 3 முதல் 7 வரைதான். ஆனால் இடமும் வலமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 2 பி.எஸ்.ஐ. குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இந்த டயரும் பூட்டிய அச்சும் தார் ரோட்டுக்குச் செய்தவை அல்ல. பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் தார் வந்தால் அங்கேதான் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

பிரேக் எந்தெந்தச் சில்லைப் பிடிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலதில் வலது கை முன்னுக்கு, இடது கை பின்னுக்கு. சிலதில் ஒரே நெம்பு நாலுக்கும். நிறுத்தி வைக்கும் பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். எஞ்சினை அணைக்கும் சிவப்புப் பொத்தான் எங்கே என்று பார்க்காமலே விரல் போகும்வரை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பழகுங்கள். கையில் கட்டும் கயிறு இருந்தால் கட்டுங்கள். நீங்கள் விழுந்தால் எஞ்சினை அணைப்பது அதுதான்.

ஹெல்மட்டைப் போட்டுத் தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தாடைப் பட்டிக்குள் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. கண்ணாடி மூடி இல்லாத ஹெல்மட் என்றால் தூசிக் கண்ணாடி கேளுங்கள். கப்படோக்கியாவின் பாறை எரிமலைச் சாம்பல் இறுகியது, அதன் தூசி கோதுமை மாப் போலப் பறக்கும். கண்ணுக்குள் வில்லை போடுகிறவர்கள் அன்று மூக்குக்கண்ணாடி போடுவது நல்லது. செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடும் சப்பாத்து வேண்டும். துப்பட்டா, ஷோல், அபாயாவின் விளிம்பு, சேலைத் தலைப்பு எதுவும் தொங்கக் கூடாது. மோட்டார் சைக்கிள் சில்லில் துணி சிக்கினால் கழுத்து என்னவாகும் என்பது நம் ஊரில் தெரியாததல்ல. இங்கே செயினும் அச்சும் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அபாயா அணிபவர்கள் உள்ளே நீளக் காற்சட்டை போட்டு, அபாயாவை முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம், அல்லது நீளச் சட்டைக்கு மாறலாம்.

ஏற்றமும் இறக்கமும்

வழிகாட்டி ஏறிய இடம் உங்களுக்கும் ஏறும் என்று எண்ண வேண்டாம். அவர் அந்தப் பாறையைத் தினமும் ஏறுகிறவர். பயமாக இருந்தால் கீழேயே நின்று கையைத் தூக்குங்கள். வண்டியை ஏற்றித் தருவது அவர் வேலைதான்.

ஏறும்போது தாழ்ந்த கியர், உடம்பு முன்னுக்கு, ஒரே சீரான வேகம். முன்னால் போகும் வண்டி உச்சியைத் தாண்டும்வரை அடிவாரத்தில் காத்திருங்கள். பாதியில் நின்றுவிட்டால் பிரேக்கைப் பிடியுங்கள், நிறுத்தும் பிரேக்கைப் போடுங்கள், மேட்டுப் பக்கமாக இறங்குங்கள், வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். அதே இடத்தில் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். வண்டி பின்னால் உருளத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்து முன்பிரேக்கை மெதுவாக இறுக்க வேண்டும், வண்டி நின்ற பிறகுதான் பின்பிரேக். பின்பிரேக்கை மட்டும் பதற்றத்தில் பிடித்தால் பின்சில்லு பூட்டிக்கொள்ளும், முன்பக்கம் தூக்கி வண்டி உங்கள் மேலேயே மல்லாக்க விழும். உழவு இயந்திரம் வரம்பு ஏறும்போது முன்பக்கம் தூக்கிக் கவிழ்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் பயங்கரம் சொல்லாமலே தெரியும்.

இறங்கும்போது தாழ்ந்த கியர், உடம்பு பின்னுக்கு, நேர்க்கோட்டில் இறக்கம். நியூட்ரலில் விடவே கூடாது. சரிவின் குறுக்கே போக நேர்ந்தால் மேட்டுப் பக்க மிதிபலகையில் பாரத்தை வையுங்கள். வண்டி சாயத் தொடங்கினால், தடை எதுவும் இல்லையென்றால், ஹேண்டிலைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினால் நிமிரும். முடியாவிட்டால் மேட்டுப் பக்கமாகக் குதித்து விலகுங்கள். வண்டி போனால் போகட்டும்.

ஹஜர் மலையின் கறுத்த கற்கள் விளிம்பு கூரானவை, கெட்டித் தரையில் பரவிக் கிடந்தால் குண்டுமணிமேல் ஓடுவது போலிருக்கும். அங்கே பிரேக்கை நேராகப் போகும்போது மட்டும் பிடியுங்கள். குலுங்கும் தரையில் ஐந்து விரலாலும் பிடியை இறுக்கினால் பெருவிரலும் சேர்ந்து நெம்பை அழுத்திவிடும். குலுக்கலில் வண்டி தானாகப் பாய்ந்ததாகச் சொல்லப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். நாலு விரலால் பிடித்து, பெருவிரலைத் தளர்வாக வையுங்கள். முன்வண்டிக்கு 30 மீற்றராவது இடைவெளி விடுங்கள். தூசியில் அதன் பின்விளக்கு மறைந்தால் நின்றுவிடுங்கள்.

வாடி என்பது காய்ந்த ஆற்றுப்படுகை. நம் ஊர் வெள்ளம் வயலை நிரப்பி மெல்ல ஏறும், மூட்டை முடிச்சைக் கட்ட நேரம் தரும். வாடியில் அப்படியில்லை. எங்கோ மலையில் பெய்த மழை, தலைக்கு மேல் வெயில் காயும்போதே கல்லையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தை மாற்றுங்கள். தேங்கிய நீரில் அச்சு மறையும் ஆழம் என்றால் இறங்க வேண்டாம். காற்று நிறைந்த தடித்த டயர் மிதக்கும், பிடிப்பு போகும்.

கவிழ்ந்துவிட்டால்

முதலில் எஞ்சினை அணையுங்கள். நெஞ்சின்மேல் வண்டி கிடந்தால் எலும்பு எதுவும் முறியாமலே சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடும். ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து உடனே நேர் மேலே தூக்குங்கள், இழுக்கவோ உருட்டவோ வேண்டாம். மூச்சு விட முடிகிறதென்றால் ஹெல்மட்டைக் கழற்றாமல் தலையையும் கழுத்தையும் ஒருவர் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், துணி நனைந்தால் மேலேயே இன்னொன்று. முறிந்த காலை நீவி நேராக்க வேண்டாம். குடிக்கவும் எதுவும் கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். சைலன்சர் சுட்ட இடத்தில் பற்பசை பூசாமல் 20 நிமிடம் ஓடும் நீரைப் பிடியுங்கள். அம்புலன்சுக்கு ஐக்கிய அரபு இராச்சியத்தில் 998, சவூதியில் 997, கட்டாரில் 999, ஓமானில் 9999, ஜோர்தானில் 911, துருக்கியில் 112. இங்கே இலங்கையில் 1990. பள்ளத்தாக்குக்குள் சிக்னல் இருக்காது. வழிகாட்டி எப்படித் தொடர்புகொள்வார் என்பதைப் புறப்படுமுன்னரே கேட்டு வையுங்கள்.

ஹேண்டில் வயிற்றில் குத்தியவர் எழுந்து நடந்து, சிரித்துப் படம் எடுத்து, இரவில் மயங்கி விழலாம். மண்ணீரல் கிழிந்து மெல்ல இரத்தம் கசியும்போது வலி வயிற்றில் மட்டும் இராது, இடது தோளிலும் தெரியும். தோளில் அடிபடாமலே தோள் வலித்தால், வயிறு இறுகினால், முகம் வெளிறி வியர்த்தால், எழும்பும்போது தலை சுற்றினால், விடியும்வரை பொறுக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய், “குவாட் பைக் ஹேண்டில் வயிற்றில் குத்தியது” என்று இத்தனை மணிக்கு நடந்தது என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். பைக்கில் விழுந்தேன் என்று மட்டும் சொன்னால் வயிற்றை ஸ்கேன் செய்யும் எண்ணம் பிந்திப்போகலாம். அடுத்த இரண்டு நாளுக்கு அவரை அறையில் தனியாக விடாதீர்கள்.