தொட்டால் மட்டும் காண்டாக்ட் ஆகிவிடாது

செல்போனில் 'காண்டாக்ட்' என்றால் ஒரு பெயரும் எண்ணும். கண்ணாடிக் கடையில் அது லென்ஸ். எலெக்ட்ரீஷியன் வாயில் அதே சொல் பெரும்பாலும் 'லூஸ்' என்ற அடைமொழியோடுதான் வரும். மற்ற இடங்களில் தொடர்பு விட்டுப்போனால் அதோடு சரி. மின்சாரத்தில் முழுசாக விட்டுப்போனால் பெரும்பாலும் பரவாயில்லை. அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

இரண்டு உலோகங்களைச் சேர்த்து வைத்தால் முழுப் பரப்பும் தொடுவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டுமே மேடும் பள்ளமும். சில மேட்டு நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மொத்த கரண்டும் அவற்றின் வழியாகத்தான் நெருக்கியடித்துப் போகிறது. அழுத்தம் கூடினால் நுனிகள் நசுங்கி, தொடும் பரப்பு கூடும். ஸ்க்ரூவை இறுக்குவது ஒயர் கழன்று விழாமல் இருக்க மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் அந்த ஒரு புள்ளியில் 17 வாட் சூடு. சூட்டில் செம்பு கறுக்கும், சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பட்டையின் ஸ்பிரிங் தன்மை போகும், தடை 0.2 ஓம் ஆகும், சூடு 34 வாட் ஆகும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைச் சுவருக்குள் செருகி வைத்த மாதிரி.

"எங்க வீட்லதான் எம்சிபி போட்டிருக்கே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எம்சிபி என்ற தானாக அணையும் ஸ்விட்ச் பார்ப்பது கரண்ட் அளவு மீறுகிறதா என்று. லூஸ் காண்டாக்ட்டில் கரண்ட் கூடுவதில்லை. தடை சேர்வதால் கொஞ்சம் குறையவே செய்யும். அதன் பக்கத்தில் இருக்கும் ஆர்சிசிபி பார்ப்பது கரண்ட் கசிவை. இங்கே கசிவும் இல்லை. சாக்கெட் உருகும் வரை இரண்டும் சும்மாதான் இருக்கும்.

அறிகுறிகளை மூக்கும் கையும்தான் சொல்லும். மீனே வாங்காத நாளில் மீன் கவிச்சி அடித்தால் ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள். சில வகை பிளாஸ்டிக் சூடேறினால் அந்த வாடைதான் வரும். சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம், ஸ்விட்சில் 'சர்ர்' சத்தம், தட்டினால் எரியும் லைட் எல்லாம் இதே கதை. கீசரை 15 நிமிடம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். பின்னைத் தொட வேண்டாம். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது.

அப்படி இருந்தால், கறுத்த ஸ்க்ரூவை இன்னும் இரண்டு சுற்று முறுக்கிவிட்டுப் போவதுதான் வழக்கமான தப்பு. கறுத்த செம்பை எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் ஆக்சைடு படலம் இருக்கும். மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதி செய்தபின், பளபளப்பான செம்பு வரும் வரை ஒயரை வெட்டி, டெர்மினலின் ஆழத்துக்கு மட்டும் தோலுரித்து, இழைகளை முறுக்கிச் செருக வேண்டும். ஒரு இழைகூட வெளியே நிற்கக் கூடாது. இன்சுலேஷன் ஸ்க்ரூவுக்கு அடியில் மாட்டவும் கூடாது. இறுக்கியபின் ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். நுனியில் ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவில் மாட்டுவது நல்ல வேலை மாதிரி தோன்றும். ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து, சில மாதத்தில் தானே லூசாகும். அதற்குப் பதில் 'பின் லக்' (ஒயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) போடுங்கள். சூடான சாக்கெட்டை மட்டுமல்ல, பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். பாழான ஒன்று புதியதையும் பாழாக்கும்.

த்ரீ ஃபேஸ் வீடுகளில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் பொது ஒயர்) லூசானால் கதையே வேறு. ஒரு ஃபேஸில் 2000 வாட் ஹீட்டர், இன்னொன்றில் 200 வாட் அளவுக்கு டிவியும் லைட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஹீட்டருக்கு 36 வோல்ட், டிவிக்கு 360 வோல்ட்டுக்கு மேல். ஒரு அறையில் லைட் மங்கி, இன்னொன்றில் கண் கூசினால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். கோளாறு மீட்டருக்கு முன்னால் என்றால் சீலைத் தொடக் கூடாது. தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் சொல்லுங்கள்.

பம்ப்செட் ஸ்டார்ட்டரில் நடப்பது பாசத்தில் செய்யும் கெடுதல். காண்டாக்ட் பாயிண்ட் கறுத்திருக்கிறது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அந்தப் பாயிண்ட் வெள்ளிக் கலவை. லேசான கறுப்பு அதற்குப் பெரிய தடையில்லை. தேய்க்கத் தேய்க்க வெள்ளிதான் போகும், பாயிண்ட் மட்டமாக உட்காராது. மூன்றில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமிக்கொண்டு ஓடி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகும். பாயிண்டில் குழி விழுந்தாலோ வெள்ளி தேய்ந்து அடிச்செம்பு தெரிந்தாலோ மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அணைத்துவிடும் ஓவர்லோடு ரிலே அடிக்கடி தட்டுகிறது என்று அதன் முள்ளைத் திருகி ஏற்றிவிடாதீர்கள். நேரடி ஸ்டார்ட்டரில் அது மோட்டார் நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியரில் இருக்க வேண்டும். மோட்டாரை இரண்டு கட்டமாகக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே வைண்டிங் (மோட்டார் சுருள்) பக்கம் இருந்தால் அதில் 0.58 பங்கு.