ஒப்பந்தப் பயிர்ச்செய்கை: சொல்லும் பொருளும்

திருகோணமலையின் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தில் வெங்காயம் செய்பவரிடம் ‘கொன்ட்ராக்ட் ஃபார்மிங்’ என்று பேச்செடுத்தால், காணியைக் குத்தகைக்குக் கேட்கிறார்களோ என்ற ஐயமே முதலில் எழும். அதற்குச் சொல்லின் வரலாற்றிலேயே இடமிருக்கிறது. இன்று பண்ணையைக் குறிக்கும் ‘ஃபார்ம்’, இடைக்கால இலத்தீனின் ‘ஃபிர்மா’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வடிவம். அதன் பழைய பொருள், நிலத்துக்காகச் செலுத்தும் மாறாத தொகை, அதாவது நம்முடைய குத்தகையேதான். ‘சேர்த்து இழுத்தல்’ என்னும் இலத்தீன் வினையிற் பிறந்த ‘கொன்ட்ராக்ட்’டின் உறவுச்சொல்லோ, போர்த்துக்கேயர் வழியாக இங்கே ‘கொந்தராத்து’ என முன்பே குடியேறிவிட்டது. ஆனால் வீதி போடவும் கட்டடம் கட்டவுமே கொந்தராத்து. பயிருக்கு அச்சொல் ஒட்டாது.

விதைப்புக்கு முன்பே இன்ன பயிர், இவ்வளவு நிறை, இன்ன தரம், இன்ன விலை என்று கமக்காரரும் வாங்குபவரும் எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டையே ‘கொன்ட்ராக்ட் ஃபார்மிங்’ என்னும் தொடர் குறிக்கிறது. குத்தகையில் காணி கைமாறும். இங்கே காணி கமக்காரரிடமே இருக்க, விளைச்சல் மட்டும் பேசப்படுகிறது. எல்லோருடைய வெங்காயமும் ஒரே கிழமையில் கிண்டப்பட்டு, லொறிக்காரர் சொன்னதே விலையாகும் இக்கட்டு இதனால் தணியும். விதையும் உரமும் முற்பணமாகக் கிடைத்தால் நகையை அடகு வைக்க நேராது. தரம்பிரிப்பும் சேகரிப்பும் ஊரிலேயே நடந்தால் காணியில்லாத குடும்பங்களுக்கும் கூலி கிடைக்கும்.

ஆயினும் தாளில் எழுதியது களத்தில் எப்படி அளக்கப்படுகிறது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. கோழித்தீனுக்குச் சோளன் கொடுப்பவர் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, ‘நொறுங்குது, காய்ஞ்சிட்டு’ என்பார். ஒப்பந்தமோ ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது என்று எழுதியிருக்கலாம். அளக்கும் கருவி வாங்குபவரின் கையில் மட்டுமே இருக்குமானால், பேசிய விலையும் அவர் கையிலேயே இருக்கும். தமிழில் எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதும் இதே வகை ஆபத்துத்தான்.

‘ஒப்பந்தம்’ என்பதன் அடி ‘ஒப்பு’. இணங்குதல் என்ற பொருளில் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உறவுச்சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாடு 2019இல் இவ்வகை ஏற்பாட்டுக்கெனச் சட்டம் இயற்றியபோது ‘ஒப்பந்தப் பண்ணையம்’ என்ற தொடர் அங்கே பரவலாயிற்று. நம் பக்கத்தில் பண்ணை என்றால் மாடும் கோழியுமே மனதில் வரும். ‘ஒப்பந்த வேளாண்மை’யும் இங்கே பொருந்தாது, மூதூரில் ‘வேளாண்மை வெட்டுகிறோம்’ என்றால் அது நெல்லைத்தான். ஆகவே வெங்காயம், சோளன், கச்சான் ஆகியவற்றுக்கு ‘ஒப்பந்தப் பயிர்ச்செய்கை’ என்பதே தெளிவான சொல். கோழி வளர்ப்புக்கு மட்டும் தமிழ்நாட்டுத் தொடரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.