ரெக்சின் டைரிக்கு லேசர் வேண்டாம்

பிவிசி பிளாஸ்டிக் பூசிய ரெக்சினில் லேசர் அடிக்க, அதாவது கதிரால் சுட்டு எழுத்துப் பொறிக்க, மாட்டேன் என்றால் வாடிக்கையாளர்களுக்குக் கோபம் வருகிறது. இந்த வாரமும் ஒருவர், டைரி அட்டையில் நிறுவனப் பெயரைப் பொறிக்க வந்தவர், "மற்ற கடையில் செய்து தருகிறார்களே" என்றார். தருகிறார்கள்தான். அந்த மெஷினில் லேசர் முனை நகர்ந்து ஓடும் கைடு ரெயிலைப் போய்ப் பாருங்கள், துருவேறிக் கிடக்கும். துருவேற்றிய அதே புகையைத்தான் மெஷின் ஓட்டுகிற பையனும் சுவாசிக்கிறான்.

பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். லேசர் சுட்டால் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கிளம்பும். ஈரம் பட்டால் அமிலம். நம் தொண்டையிலும் நுரையீரலிலும் ஈரத்துக்கா பஞ்சம்?

"பவரைக் குறைத்து லேசாக அடியுங்களேன்" என்பார்கள். எழுத்து தெரிகிறது என்றாலே மேல்பரப்பு கருகிவிட்டது. கருகினால் வாயு வரும், கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான். மாஸ்க்? தூசி மாஸ்க் துகளைத்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். "வாடையே இல்லையே" என்பது இன்னொன்று. அக்ரிலிக் வெட்டினால் கடை முழுக்க நாறும், ஆனால் அதில் குளோரின் கிடையாது. வாடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலும் புகை முதலில் லென்ஸையும் ரெயிலையும் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகும்.

பொருள் பிவிசிதானா என்று சந்தேகமா? செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு அந்தப் பொருளின் ஒரு துணுக்கில் ஒற்றி, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் குளோரின் இருக்கக்கூடும். அதை லேசரில் வைக்காதீர்கள். சோதனையைத் திறந்தவெளியில் செய்யுங்கள்.

டைரியில் பெயர் வர வேண்டும், அதுதானே? பிவிசிக்கான இங்க் போட்டு ஸ்கிரீன் பிரிண்ட் செய்தால் நன்றாக நிற்கும். தங்க எழுத்துக்கு ஃபாயில் ஸ்டாம்பிங், அதாவது மெல்லிய தங்க நிறத் தாளைச் சூட்டோடு அழுத்தி ஒட்டுவது. பல வண்ண லோகோ, அதுவும் நாலைந்து டைரிதான் என்றால் யுவி பிரிண்டிங், அதாவது புற ஊதா ஒளியில் உடனே காயும் இங்க் அச்சு. (லேசரில் இங்க் கிடையாது ஐயா, ரெக்சினில் சிவப்பு லோகோ சிவப்பாக வராது. இதையும் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.) பொறித்ததுதான் வேண்டுமென்றால் பொருளை மாற்றுங்கள்: பவுடர் கோட்டிங் செய்த ஸ்டீல் பாட்டில், மரப் பேனா, அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம்.

புதிதாக லேசர் வாங்கியவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன். சப்ளையர் வாயால் "பியு லெதர்தான்" (பிவிசி அல்ல, பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல்) என்று சொன்னால் போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே பிவிசி ஓடிக்கொண்டிருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் டாக்டரிடம் போங்கள், லென்ஸை அப்புறம் துடைக்கலாம்.