நோட்டீஸ் வந்த நாளில் யார் பேசுவது?

தன்னார்வலர்கள் நடத்தும் கலைக்கூடங்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது என் தொழிலில் ஒரு சிறு பகுதி. வருமானம் அதிகம் தராத பகுதியும்கூட. ஓவிய வகுப்பு, நாடக ஒத்திகை, சின்னக் கச்சேரி, திரையிடல் எல்லாம் ஒரே அறையில் முறைவைத்து நடக்கும் இடங்கள் இவை. சம்பளக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார். சிக்கல் என்றதும் வக்கீலைத் தேடி ஓடி வருவார்கள் என்று நினைக்காதீர்கள். நோட்டீஸ் வரும், அதைப் படம் பிடித்து யாரோ இணையத்தில் போடுவார், கீழே ஊரே கூடி அடித்துக்கொள்ளும், ஒரு நிருபர் போன் செய்வார். என்னிடம் வருவது அதற்கும் பிறகுதான். எதிர்த்தரப்பு தேடி அலைய வேண்டிய சாட்சியத்தில் பாதியை அதற்குள் இவர்களே எழுதி முடித்திருப்பார்கள்.

இந்த இடங்களுக்கு வழக்கும் விளம்பரத் தொல்லையும் சேர்ந்தே வருகின்றன. வந்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. வழக்கு, "எதையும் ஒப்புக்கொள்ளாதே, பொறு" என்கிறது. ஊர், "இன்னும் ஏன் வாய் திறக்கவில்லை?" என்கிறது. பெரிய நிறுவனத்தில் இரண்டையும் கவனிக்கத் தனித்தனித் துறைகள் உண்டு. இங்கே இரண்டுக்கும் ஒரே ஆள்தான், அதுவும் தன் சொந்த வேலை முடிந்த பிறகு இரவில். ஆகவே கையெழுத்து யாருடையது, பேச்சு யாருடையது என்று அமைதியான நாளிலேயே எழுதி வைக்காத கூடம், ஒரு தப்பும் செய்யாமலேயே நஷ்டப்படும்.

கையெழுத்தை முதலில் பார்ப்போம். வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் என்று கேட்டால், "எங்களில் தலைவர் என்று யாரும் இல்லை, எல்லாருக்கும் பொதுவான இடம்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல நாடுகளின் சட்டத்தில், பதிவு செய்யப்படாத குழு ஓர் 'ஆள்' கிடையாது. அதன் பெயரில் சொத்து இருக்க முடியாது, அது ஒப்பந்தம் போட முடியாது. எவர் கையெழுத்துப் போட்டாரோ அவர்தான் வாடகைதாரர். பாக்கியும் அவர் பாக்கி, உடைந்த கண்ணாடியும் அவர் கண்ணாடி. சங்கமாகவோ லாபநோக்கமற்ற நிறுவனமாகவோ பதிவு செய்துகொண்டால் இந்தச் சுமை பெருமளவு இறங்கும். அறக்கட்டளை வேறு ரகம். பல இடங்களில் அங்கே அறங்காவலர்களே நேரடிப் பொறுப்பாளிகள். எந்த வகைப் பதிவானாலும், ஒருவர் தன் கவனக்குறைவால் இன்னொருவருக்குக் காயம் ஏற்படுத்தினால் சான்றிதழைக் காட்டித் தப்ப முடியாது. கூடம் கட்டாவிட்டால் நானே கட்டுவேன் என்ற தனிப்பட்ட ஜாமீனைக் கட்டட உரிமையாளர் ஒருவரிடம் எழுதி வாங்கியிருந்தால் பதிவு செய்தும் பயன் குறைவு. ஒப்பந்தத்தில் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள். அநேகமாகக் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

"நாங்கள் சேவைதானே செய்கிறோம்" என்பவர்களுக்கு நான் கோஸ்ட் ஷிப் வழக்கைச் சொல்வது வழக்கம். கோஸ்ட் ஷிப் என்பது அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் ஒரு பழைய கிடங்கு. கலைஞர்கள் அங்கேயே தங்கினார்கள், அங்கேயே வேலை செய்தார்கள், அங்கேயே நிகழ்ச்சியும் நடத்தினார்கள். குடியிருக்கவும் அனுமதி இல்லை, நிகழ்ச்சிக்கும் அனுமதி இல்லை. 2016 டிசம்பர் 2ஆம் தேதி இரவு இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். தீயணைக்கும் தானியங்கி நீர்த்தெளிப்பான் அங்கே இல்லை. மாடியிலிருந்து இறங்கும் படிகளில் ஒன்று, சரக்கு அடுக்கும் மரச் சட்டங்களைக் கொண்டு கட்டியது. கிடங்கைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 12 ஆண்டு தண்டனை பெற்றார். அவரோடு இன்னொருவரும் கூண்டில் நின்றார். வாடகை வசூல் முதலான வேலைகளைப் பார்த்துக்கொண்டு, அதற்கு ஈடாக இலவசமாகத் தங்கியிருந்தவர் அவர். 2019இல் நடுவர் குழு அவரை விடுவித்தது. அதற்குள் விசாரணைக் கைதியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார். ஒரு பதவிப் பெயரும் சில பொறுப்புகளும் ஏற்றுக்கொண்ட எந்தத் தன்னார்வலரும் நிற்கக்கூடிய இடம்தான் அது.

தீ நடந்தது வெள்ளிக்கிழமை இரவு. அடுத்த திங்களன்றே, நாட்டின் மறுகோடியில் உள்ள பால்டிமோர் நகரில் பெல் ஃபவுண்டரி என்ற கலைஞர் கட்டடத்திலிருந்து அத்தனை பேரையும் அதிகாரிகள் வெளியேற்றினார்கள். எங்கோ நடந்ததன் செய்தி உங்கள் வாசலுக்கு ஆய்வாளரைக் கொண்டுவரும். அன்று அனுமதிச் சீட்டும் அவசர வழியும் சரியாக இருக்கும் கூடத்துக்கு அது ஒரு மணி நேர எரிச்சல். இல்லாத கூடத்துக்கு மூடுவிழா.

சத்தம் தனிக் கதை. அக்கம்பக்கத்துப் புகாருக்குப் பயந்து மலிவான நுரைப்பஞ்சை வாங்கிச் சுவரெங்கும் ஒட்டும் பழக்கத்தைக் கண்டால் எனக்கு வயிறு கலங்குகிறது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வெஸ்ட் வார்விக்கில் தி ஸ்டேஷன் என்ற இசை விடுதி எரிந்து 100 பேர் இறந்தது இந்தப் பஞ்சால்தான். சத்தப் புகார்களைச் சமாளிக்க ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் மேடை வாணத்தின் பொறி பட்டது. உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே பெரும்பாலோர் ஓடி, அங்கேயே நெரிபட்டுச் சிக்கினார்கள். தீத்தடுப்புச் சான்று இல்லாத எந்தப் பொருளும் சுவரில் ஏறக் கூடாது. பக்கவாசல் எங்கே இருக்கிறது என்று நிகழ்ச்சி தொடங்கும் முன் மேடையிலிருந்து கைகாட்டிச் சொல்ல அரை நிமிடம் போதும்.

புகார் கொடுப்பவர் உங்களுக்குப் பிறகு குடிவந்தவராக இருந்தால் ஒரு சின்னப் பிடி உண்டு. புதிதாக வருபவர்தான் ஏற்கெனவே உள்ள சத்தத்துக்கு ஏற்பத் தன் கட்டடத்துக்கு ஒலித்தடுப்பு செய்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலும் இங்கிலாந்து 2018இலும் தங்கள் கட்டடத் திட்டமிடல் விதிகளில் சேர்த்தன. உங்கள் ஊரில் அது இல்லாமல் போனாலும், யார் முன்னால் வந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். நிகழ்ச்சி தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாசலில் ஒலி அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். மூன்று வருட நோட்டு ஒன்று, முப்பது ஆதரவுக் கடிதங்களைவிட நீதிமன்றத்தில் அதிகம் பேசும்.

இனி பேச்சு. வக்கீல் நோட்டீஸைப் படம் பிடித்துப் போடும் ஆசையை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மிரட்டுபவர் பெரியவர், நீங்கள் சிறியவர் என்றால் வெளிச்சம் பலமுறை உதவியிருக்கிறது. 1996இல் அமெரிக்க இசைப் பதிப்புரிமைச் சங்கமான ஆஸ்காப், கோடைக்கால முகாம்களில் பிள்ளைகள் பாடும் பாட்டுக்கும் உரிமக் கட்டணம் கேட்டது. சாரணச் சிறுமிகள் பாடப் பயப்படுகிறார்கள் என்று செய்தி வந்ததும் அவமானப்பட்டுப் பின்வாங்கியது. 2003இல் அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் தன் வீடு தெரியும் ஒரு கடற்கரைப் படத்தை நீக்கச் சொல்லி 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படம் ஆறு முறைதான் பதிவிறக்கப்பட்டிருந்தது, அதிலும் இரண்டு அவர் வக்கீல்கள் செய்தது. வழக்குச் செய்தி பரவிய மாதத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்கு வந்து பார்த்தார்கள். இந்த இரண்டு கதையையும் கலைக்காரர்கள் விரும்பிச் சொல்வார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று: இரண்டிலும் வலியவர் பக்கம் நியாயம் மெலிந்திருந்தது, எளியவர் பக்கம் மறைக்க எதுவும் இல்லை. உங்கள் வாடகை ஐந்து மாதம் பாக்கி, அனுமதிச் சீட்டு காலாவதி என்றால் நீங்கள் கூட்டி வரும் வெளிச்சம் உங்கள் மேல்தான் விழும்.

ஆகவே போடும் முன் நோட்டீஸைப் படியுங்கள். யார் அனுப்பியது, எந்தத் தேதிக்குள் பதில், என்ன கேட்கிறார்கள்: பணமா, நிறுத்தவா, மன்னிப்பா? தேதியைத் தவறவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. பரபரப்பில் அதுதான் முதலில் மறக்கும். இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால் அன்றைக்கே அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். தாமதமாகச் சொன்னாலும், அவர்களைக் கேட்காமல் "தப்பு எங்களுடையதுதான்" என்று நீங்கள் அறிவித்தாலும், இழப்பீடு தர மறுக்கும் ஷரத்து அநேகப் பாலிசிகளில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் எழுதியதை அழிக்காதீர்கள். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அழிப்பது, அழித்த விஷயத்தைவிடக் கெடுதல். அந்தக் குழுவிலேயே தொடர்ந்து புலம்பிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அங்கே நாற்பது பேர் இருந்தால் நாற்பது ஸ்கிரீன்ஷாட்டுக்கு வழி இருக்கிறது.

பேசாமலே இருங்கள் என்று சொல்லும் சக வக்கீல்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அமைப்பு மௌனமாக இருந்தால் உறுப்பினர்கள் ஆளுக்கொன்று பேசுவார்கள், அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுக்கும் முதல் அறிக்கை நாலு வரிக்கு மேல் போகாது: "இந்தத் தேதியில் எங்களுக்கு இன்ன புகார் வந்தது. காயமடைந்தவருக்காக வருந்துகிறோம், அவர் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கிறோம். என்ன நடந்தது என்று விசாரிக்கிறோம், அதுவரை மாடி அறை மூடியிருக்கும். அடுத்த தகவலை வெள்ளிக்கிழமை மாலை சொல்வோம்." காரணமும் இல்லை, யார் மேலும் பழியும் இல்லை. வருத்தம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயம் பலருக்கு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2002இலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஹாங்காங் 2017இலும் மன்னிப்பைப் பொறுப்பேற்பாகக் கருதக் கூடாதென்று சட்டமே இயற்றின. அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும், நடந்த வேதனைக்கு வருந்துவதும் நடந்ததற்குக் காரணம் சொல்வதும் வெவ்வேறு. அறிக்கையின் கடைசி வரியில் சொன்ன வெள்ளிக்கிழமை மட்டும் தவறக் கூடாது. சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்றாவது சொல்லிவிட வேண்டும்.

இருப்பதிலேயே கடினமானது உள்ளிருந்து வரும் புகார்: ஒரு தன்னார்வலர் மீது, ஓர் ஆசிரியர் மீது, பல வருடம் கூடத்தைத் தூக்கிச் சுமந்த ஒருவர் மீது. பெயரைச் சொல்லிப் போட்டால் அவதூறு வழக்கு. சொல்லாமல் இருந்தால் மூடி மறைத்தார்கள் என்ற பெயர். இரண்டு பக்கமும் நண்பர்கள். இங்கே நான் வலியுறுத்துவது வரிசையை. புகார் கொடுத்தவரிடம் முதலில் பேசுபவர், குற்றம் சாட்டப்பட்டவரின் நெருங்கிய சகாவாக இருக்கக் கூடாது. "இதை வெளியே சொல்லாதே" என்று அவரிடம் சொல்லவே கூடாது. காவல்துறைக்குப் போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு, குழுவின் முடிவல்ல. சிறார் சம்பந்தப்பட்டிருந்தால் பல நாடுகளில் தெரிவிப்பதே சட்டக் கடமை. அங்கே குழு கூடி யோசிக்க இடமே இல்லை. விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர் வகுப்பிலிருந்து விலகியிருப்பார் என்று தீர்மானம் போட்டு, இது தண்டனை அல்ல, தற்காலிக ஏற்பாடு என்றும் அதிலேயே எழுதுங்கள். விசாரிக்க வெளியாள் ஒருவரை வையுங்கள். கட்டணம் கொடுக்கப் பணம் இல்லையென்றால் வேறொரு கூடத்தின் செயற்குழுவைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வருவார்கள். வெளியே சொல்ல வேண்டியது நடைமுறை மட்டுமே: புகார் வந்தது, இன்ன முறையில் விசாரிக்கிறோம், இன்னாரைத் தொடர்புகொள்ளலாம். குழுவில் யாராவது "அவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்" என்று தன் சொந்தப் பக்கத்தில் எழுதினால், அந்த ஒரு வரி விசாரணையையே கெடுத்துவிடும்.

பணம் பற்றிக் கொஞ்சம். வழக்குச் செலவுக்கென்று மக்களிடம் திரட்டிய பணம் வழக்குச் செலவுக்குத்தான். அதில் மின்கட்டணம் கட்டினால், வழக்கில் ஜெயித்தாலும் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். "மீதம் இருந்தால் கூடத்தின் பொதுச் செலவுக்குப் பயன்படும்" என்ற வரியை நன்கொடை கேட்கும் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள். தனிநபர் வங்கிக் கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள், அது எவ்வளவு நல்லவர் கணக்காக இருந்தாலும்.

சில சமயம் நான் சொல்லும் ஆலோசனை யாருக்கும் பிடிக்காது: கட்டடத்தை விட்டுவிடுங்கள். நியூயார்க்கின் ஏபிசி நோ ரியோ என்ற கலைக்கூடத்தைப் பாருங்கள். 1980 புத்தாண்டு வேளையில் கலைஞர்கள் சிலர் பூட்டிக் கிடந்த நகராட்சிக் கட்டடத்தில் புகுந்து கண்காட்சி வைத்தார்கள். நகராட்சி உடனே பூட்டியது. அவர்கள் பத்திரிகைகளை அழைத்தார்கள். விஷயம் பெரிதாகி, பேச்சுவார்த்தையில் ரிவிங்டன் தெருவில் வேறொரு கட்டடம் கிடைத்தது. பிறகு பல ஆண்டுகள் வெளியேற்றச் சண்டை. 2006இல் நகராட்சி அதே கட்டடத்தை ஒரு டாலருக்கு அவர்களுக்கே விற்றது. புதிதாகக் கட்டுவதற்காக 2017இல் அதை இடித்தபோது, நிகழ்ச்சிகளை வேறு வேறு இடங்களுக்குப் பிரித்துக் கொண்டுபோய்த் தொடர்ந்து நடத்தினார்கள். அச்சு எந்திரம், நூலகம், உறுப்பினர் பட்டியல், வங்கிக் கணக்கு, சமூக ஊடகக் கடவுச்சொல் ஆகிய ஐந்தும் அமைப்பின் பெயரில் இருந்தால் உங்கள் கூடமும் அப்படி இடம் மாறலாம். இந்த ஐந்தும் இன்று யார் யார் பெயரில் இருக்கின்றன என்று அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கேட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.